வரப்பில்லாத வயல்களும் ஆண்டுக்கொரு கோர்ட்டும்: லாக்ஸ்டன் என்ற ஆங்கிலச் சிற்றூர்

அடுத்தடுத்து இரண்டு பேருக்கு நிலம் இருக்கிறது. நடுவில் வரப்பு இல்லை, வேலி இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. ஓர் உழவுசால்தான் எல்லை. ஆண்டுக்கு ஒரு சால் தள்ளி உழுதால் போதும். பேரன் தலையெடுக்கும்போது பக்கத்து நிலத்தில் பாதி நம் கைக்கு வந்திருக்கும். வெட்டிப் போட்ட வரப்பையே செதுக்கிச் செதுக்கி நகர்த்துகிற மண்வெட்டிகள் நமக்குப் பழக்கமானவை. வரப்பே இல்லாத இடத்தில் ஓர் ஊர் அடித்துக்கொள்ளாமல் எப்படிப் பயிர் செய்யும்?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டியில், ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கும் லாக்ஸ்டன் இந்தக் கேள்விக்கு இடைக்காலத்திலிருந்து ஒரே பதிலைச் சொல்லி வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஊர் விவசாயிகளே ஜூரியாக வயலில் இறங்கிப் பார்ப்பார்கள். தள்ளி உழுதவர் பெயர் குறித்துக்கொள்ளப்படும். அடுத்த வாரம் கோர்ட் கூடும், அபராதம் விழும். சில நூறு பேர் வாழும் சிற்றூர் இது. ஐரோப்பாவின் விவசாய வரலாற்றை எழுதுகிறவர்கள் ஒருமுறையாவது இதன் பெயரைச் சொல்லாமல் போவது கடினம்.

ஒரு காலத்தில் நடு இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் உழப்பட்டது. டெவன் கவுண்டியின் பிரான்டனிலும் லிங்கன்ஷயரின் ஆக்ஸ்ஹோம் பகுதியிலும் அந்தப் பழைய நிலக்கீற்றுகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் வயலும் அதை நிர்வகிக்கும் கோர்ட்டும் சேர்ந்து உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில்தான்.

மூன்று வயல், ஒரு காலண்டர்

ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். 'வயல்' என்றதும் நம் கண்ணில் வரும் பாத்தி அளவை மறந்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் வேலியின்றி விரியும் ஒரே வெளி. அந்த வெளிக்குள் ஒவ்வொரு விவசாயிக்கும் நீளமான, குறுகலான கீற்றுகள் இருக்கும். அவையும் ஓரிடத்தில் சேர்ந்து இருக்காது. மேற்கு வயலில் சில, தெற்கு வயலில் சில, மில் வயலில் சில என்று சிதறிக் கிடக்கும்.

பழைய முறைப்படி ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். இன்னொன்றில் வசந்தத்தில் பார்லி, பட்டாணி, அவரை வகைகள். மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு சக்கரம் ஒரு படி நகரும்: கோதுமை நின்ற வயல் வசந்தப் பயிருக்குப் போகும், வசந்தப் பயிர் கண்டது தரிசாகும், தரிசாகக் கிடந்தது கோதுமைக்கு வரும். தரிசில் ஊர் மாடும் ஆடும் மேயும். சாணமும் புழுக்கையும் மண்ணுக்கு உரம். அறுவடை முடிந்த தாளடியிலும் ஊரின் கால்நடைகள் இறங்கும்.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'பொது வயல்' என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ ஆதிப் பொதுவுடைமைச் சமூகம் எஞ்சி நிற்கிறது என்று நெகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. நிலம் பொதுவாக இருந்ததே இல்லை. ஒவ்வொரு கீற்றுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குத்தகைக்காரர், ஒரு வாடகை இருந்தது. விளைச்சல் உழுதவனுக்கே போனது. பொதுவாக இருந்தது காலண்டர். எல்லோரும் ஒரே நேரத்தில் விதைக்க வேண்டும், ஒரே நேரத்தில் அறுக்க வேண்டும். உன் கீற்றில் கதிர் நிற்கும்போது சுற்றிலும் தாளடியில் மாடுகள் இறங்கிவிட்டால் யாரைக் குறை சொல்வது? வேலி இல்லாதவன் தன் விருப்பத்துக்குப் பயிர் வைக்க முடியாது. சொத்து தனித்தனி, நேரம் மட்டும் ஊருடையது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் லாக்ஸ்டனில் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஊரின் அமைப்பையே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் பண்ணை வீடு தன் நிலத்துக்கு நடுவே தனியாக நிற்கும். லாக்ஸ்டனில் பண்ணை வீடுகள் ஊருக்குள்ளேயே, தெருவோரம், ஒன்றை அடுத்து ஒன்றாக இருக்கின்றன. செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட பல வீடுகள் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டியபடி நிற்கும். பின்னால் தொழுவமும் களஞ்சியமும் நீண்ட கொல்லையும். நிலம் மூன்று திசையில் சிதறிக் கிடக்கும்போது வீட்டை எந்தத் திசையில் கட்டுவது? எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஊர்தான்.

சிதறல் ஏன் என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். தந்தை விட்டுச்சென்றதைப் பிள்ளைகள் பங்கு பிரித்ததன் விளைவு என்பது ஒன்று. மேட்டு நிலம், பள்ள நிலம், நல்ல மண், களி மண் எல்லாவற்றிலும் ஆளுக்குக் கொஞ்சம் இருந்தால் ஒரு பக்கம் பொய்த்தாலும் இன்னொரு பக்கம் காப்பாற்றும் என்பது இன்னொன்று. மூன்றாவது ஏரிலிருந்து வருகிறது. கனமான களிமண்ணைப் புரட்டப் பெரிய ஏர் வேண்டும், அதை இழுக்க எட்டு எருதுகள் வரை பூட்ட வேண்டும். தனி ஒரு குடியானவனிடம் எட்டு எருது ஏது? பல பேர் மாட்டைச் சேர்த்து ஓர் ஏர் கட்டினார்கள். ஒருநாள் உழவு ஒருவருக்கு, மறுநாள் உழவு அடுத்தவருக்கு என்று முறை போனது. நாள் உழவு நாள் உழவாகவே நிலமும் பிரிந்தது. எனக்கு இந்த மூன்றாவது விளக்கம்தான் அதிகம் பிடிக்கிறது, ஆனால் மூன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன்.

அந்த எருதுகளின் தடம் நம் ஊர்ப் பத்திரங்கள் வரை வந்திருக்கிறது. ஒரு மூச்சில் எருதுகள் இழுத்து நிற்கும் சாலின் நீளம் 220 கெஜம். அதுதான் ஃபர்லாங், அந்தச் சொல்லின் மூலப் பொருளே 'சால் நீளம்'. அந்த நீளத்தில் 22 கெஜ அகலம் உழுதால் ஓர் ஏக்கர், ஏறக்குறைய ஒருநாள் உழவு. 1620இல் எட்மண்ட் குன்ட்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் அந்த 22 கெஜத்தை 100 கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலியாக்கினார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பிரிட்டிஷ் ஆட்சியில் நில அளவையாளர்கள் இந்தியாவில் இழுத்துக்கொண்டு நடந்தது அந்தச் சங்கிலியைத்தான். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கை நாம் சென்ட் என்கிறோம். அது ஏன் 435.6 சதுர அடி என்று முழுமையில்லாத எண்ணாக இருக்கிறது என்று மனைப் பத்திரம் பார்க்கும்போது எரிச்சல் வந்தால், களிமண்ணில் மூச்சு வாங்கிய அந்த எருதுகளைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும். "டவுனுக்கு ரெண்டு ஃபர்லாங்" என்று வழி சொன்ன நம் ஊர்த் தாத்தாவும் அதே உழவுசாலைத்தான் அளந்துகொண்டிருந்தார். கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கெஜமும் இதே சங்கிலி நீளம்தான்.

உழவுக்கு இன்னொரு தழும்பும் உண்டு. ஏரின் பலகை மண்ணை ஒரே பக்கம் புரட்டும். கீற்றின் நடுவை நோக்கியே ஆண்டுதோறும் புரட்டிப் புரட்டி நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் ஆகிவிடும். பள்ளம் களிமண்ணின் நீரை வடிக்கும் வாய்க்காலாகவும் பயன்பட்டது. நீண்ட மாட்டுக் கூட்டத்தைத் திருப்பக் கோணலாக ஒதுங்க வேண்டியிருந்ததால் பல கீற்றுகள் நேர்கோடாக இல்லாமல் மெல்ல வளைந்து போகும். நடு இங்கிலாந்தில் இன்று புல்வெளியாகிவிட்ட இடங்களிலும் மாலை வெயில் சாய்ந்து விழும்போது இந்த அலைகள் தெரியும். உழுதவர்கள் போய்ப் பல நூறு ஆண்டுகள் ஆகியும் உழவு அப்படியே படுத்திருக்கிறது.

பிரபுக்களும் ஒரு வரைபடமும்

1086இல், பிரான்சிலிருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னன் வில்லியம் எடுக்கவைத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் லாக்ஸ்டன் இருக்கிறது. அந்தப் படையெடுப்புக்கு முன் டோச்சி என்பவர் கையில் இருந்த ஊர், அப்போது ஜெஃப்ரி ஆல்செலின் என்ற நார்மன் கையில். பிறகு டி காவ் குடும்பத்திடம் வந்தது. ஊருக்கு வடக்கே மண் மேடும் அதைச் சுற்றிய அகழியுமாக ஒரு கோட்டை எழுந்தது. கட்டடங்கள் போய்விட்டன, மேடு இன்னும் கம்பீரமாக நிற்கிறது. நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் அரச வனங்களின் காவல் பொறுப்பு இந்தக் கோட்டைக்காரர்களிடம் இருந்தது. ராபின் ஹூட் கதைகளில் நாம் எல்லோரும் ஷெர்வுட் காட்டுக்குள் ஒளிந்திருப்பவன் பக்கம். அவனைத் தேடித் திரிந்த வனக்காவலின் தலைமையிடங்களில் ஒன்று இங்கே இருந்தது.

அந்தப் பொறுப்பு பின்னர் எவரிங்ஹாம் குடும்பத்துக்குப் போனது. புனித மைக்கேல் தேவாலயத்தில் அவர்களின் கல்லறைச் சிலைகள் படுத்திருக்கின்றன. அவற்றுள் ஒரு பெண்ணின் சிலை மரத்தில் செதுக்கியது. கவுண்டியில் எஞ்சிய இடைக்கால மரச்சிலை அது ஒன்றுதான். பழைய ஆவணங்களில் ஊரின் பெயர் லெக்சிங்டன் என்றும் வரும். அமெரிக்காவில் 1775இல் விடுதலைப் போரின் முதல் குண்டுகள் வெடித்த லெக்சிங்டனுக்குப் பெயர் இங்கிருந்து போனது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

நமக்கு அதிகம் வேண்டியவர் 1620களில் இந்த எஸ்டேட்டை வாங்கிய சர் வில்லியம் கோர்ட்டன். லண்டன் வணிகர், அந்தக் காலத்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கரீபியனில் பார்படோஸ் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். 1635இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறி இந்தியப் பக்கம் கப்பல் அனுப்ப மன்னர் முதலாம் சார்லஸிடம் அனுமதி வாங்கியது இவருடைய கூட்டணிதான். அந்தக் கப்பல்கள் 1636இல் புறப்பட்டுக் கோவா வந்து, 1637இல் சீனாவின் கான்டன் வரை போயின. அதே 1635இல்தான் லாக்ஸ்டனை அங்குலம் அங்குலமாக அளக்க மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை அவர் அமர்த்தினார்.

ஒன்பது தாள்களில் வரையப்பட்ட அந்த வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கீற்றும் அதில் உண்டு. யார் வைத்திருக்கிறார்கள், எவ்வளவு பரப்பு என்பதைச் சொல்லும் பதிவேடும் உடன் வந்தது. வெறும் கணக்கோடு பியர்ஸ் நிற்கவில்லை. ஏர் உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டைக்காரர்கள் என்று வயல்களுக்குள் சின்னச் சின்ன மனிதர்களையும் வரைந்து வைத்தார். கோர்ட்டனுக்குத் தேவைப்பட்டது வாடகைக் கணக்கு. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்ததோ, ஒரு கிராமம் முழுவதும் ஒருநாள் நின்று படம் எடுத்துக்கொண்டது போன்ற பொக்கிஷம்.

1640 வாக்கில் ஊர் பியர்பாண்ட் குடும்பத்திடம் போனது. பக்கத்திலேயே தோர்ஸ்பி மாளிகையில் வாழ்ந்த இவர்கள்தான் பிறகு மேன்வர்ஸ் பிரபுக்கள் ஆனார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் பெரிய நிலக்கிழார்கள் அவர்களே.

எல்லா ஊரும் அடைபட்டபோது

ஆங்கிலக் கிராமம் என்றால் நம் மனத்தில் ஒரு படம் இருக்கிறது: பச்சைச் சதுரங்கள், அவற்றைப் பிரிக்கும் புதர்வேலிகள், நடுவே செம்மறிகள். தொன்றுதொட்டு இப்படித்தான் என்று தோன்றும். நடு இங்கிலாந்தைப் பொறுத்தவரை அந்தப் புதர்வேலிகளில் மிகப் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நடப்பட்டவை. வேலியற்று மொட்டையாகத் தெரியும் லாக்ஸ்டனின் வெளிதான் பழைய இங்கிலாந்தின் முகம்.

வேலியடைப்பு எப்படி நடந்தது? பரப்பில் பெரும்பங்கு வைத்திருக்கும் நில உரிமையாளர்கள் ஒன்றுகூடி நாடாளுமன்றத்தில் தங்கள் ஊருக்கென்று ஒரு தனிச்சட்டம் வாங்குவார்கள். ஆணையர்கள் வருவார்கள், அளவையாளர்கள் வருவார்கள். சிதறிய கீற்றுகளை எல்லாம் கூட்டிக் கலைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் நிலம் ஒதுக்கி, வேலி போட உத்தரவிடுவார்கள். 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின; அவை தொட்ட பரப்பு சுமார் 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சட்டம் இல்லாமலே பேசி முடித்துக்கொண்ட ஊர்கள் தனி.

விளைச்சல் கூடியது என்பது உண்மை. தன் வேலிக்குள் இருப்பவன் ஊர்க் காலண்டருக்குக் காத்திருக்க வேண்டாம், புதுப் பயிர் வைக்கலாம், தன் மாட்டை ஊர் மாட்டோடு கலக்காமல் நல்ல இனம் வளர்க்கலாம். ஆனால் நிலமே இல்லாமல், மேய்ச்சல் உரிமையை வைத்து ஒரு பசுவை வளர்த்து, புதர்க்காட்டில் விறகு பொறுக்கிப் பிழைத்த குடிசைக்காரருக்கு என்ன கிடைத்தது? காகிதத்தில் நிரூபிக்க முடிந்த உரிமைக்குத்தான் ஈடு. வழக்கம் காகிதத்தில் இருக்காது. துண்டு நிலம் கிடைத்தவர்களில் பலரும் வேலி போடும் செலவைத் தாங்க முடியாமல் அதை விற்றுவிட்டுக் கூலிக்குப் போனார்கள்.

அப்படியென்றால் லாக்ஸ்டன் தப்பியது எப்படி? பழமையின் மீது ஊர் வைத்த பாசத்தால் என்று எழுதினால் படிக்க இனிமையாக இருக்கும். நடந்தது வேறு. ஊரில் நிலம் ஒரே கையில் இல்லை. பெரும்பங்கு மேன்வர்ஸ் குடும்பத்திடம், இன்னொரு பங்கு ஸ்கார்பரோ பிரபுவிடம், மீதி சிறு உரிமையாளர்களிடம் இருந்தது. யாருக்கு எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதில் பெரியவர்கள் இருவருக்கும் உடன்பாடு வரவில்லை. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓரங்களில் சில பகுதிகள் அடைபட்டதோடு சரி. நடுவில் இருந்த வயல்கள் பேச்சுவார்த்தைக்குக் காத்துக் கிடந்தன. மற்றவர்களின் பங்கை மேன்வர்ஸ் குடும்பம் மெல்ல மெல்ல வாங்கிச் சேர்த்து, இனி தடையில்லை என்ற நிலை வந்தபோது, 1870களுக்குப் பின் அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்து மலிவான கோதுமை கப்பலில் வந்து இறங்கி விலை விழுந்துவிட்டது. வேலிக்கும் வாய்க்காலுக்கும் செலவழித்துத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆக, பிரபுக்களின் பிணக்கும் கோதுமையின் விலைச்சரிவும்தான் இந்த ஊரைப் பாதுகாத்தன. பாதுகாக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதற்கு முன்பே அது பாதுகாக்கப்பட்டுவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எஸ்டேட் ஒரு நடுவழி கண்டது. கீற்றுகளை ஒன்றோடொன்று சேர்த்து எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அகலமாக்கியது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, 1635இல் இருந்தது அப்படியே இருக்கிறது என்று எழுதுவது ஏமாற்று. இன்று லாக்ஸ்டனில் பார்க்கும் கீற்றில் டிராக்டர் திரும்ப முடியும். பியர்ஸ் வரைந்த கீற்றில் முடியாது.

விற்பனைக்கு வந்த ஊர்

1938இல் ஆக்ஸ்ஃபோர்டில் விவசாயப் பொருளாதார ஆய்வு நிறுவனத்தை நடத்திவந்த சார்லஸ் ஸ்டூவர்ட் ஆர்வினும் அவர் மனைவி கிறிஸ்டபெல் சூசன் ஆர்வினும் லாக்ஸ்டனை மையமாக வைத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். (இருவருக்கும் முதலெழுத்துகள் ஒன்றே, நூலட்டையில் அச்சுப்பிழை என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.) வயல் முறையைச் சட்ட ஏடுகளில் தேடிக்கொண்டிருந்த அறிஞர்களிடம், ஏரைப் பாருங்கள், மண்ணைப் பாருங்கள் என்று சொன்ன நூல் அது. நான் மேலே சொன்ன 'நாள் உழவு' விளக்கம் அவர்களுடையது. கீற்றுகளுக்கு நடுவே புல் வரப்பு இருந்தது என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லி வந்ததையும் அவர்கள் மறுத்தார்கள். எல்லை வெறும் சால்தான்.

அந்த நூலால் லாக்ஸ்டனின் பெயர் வெளியே தெரிந்தது. அதன் பலன் 1952இல் கிடைத்தது. ஆறாவது மேன்வர்ஸ் பிரபுவுக்குப் பட்டத்துக்கு வாரிசு இல்லை. 1955இல் அவரோடு பட்டமே அற்றுப்போனது. அதற்கு முன்பே, வயல் முறையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு, எஸ்டேட்டின் லாக்ஸ்டன் பகுதியை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். ஓர் அரசாங்கத் துறை, இடைக்கால மேனருக்கு, அதாவது பிரபுவின் அதிகாரத்துக்கு உட்பட்ட பண்ணை ஊருக்கு, பிரபுவான விசித்திரம் இப்படி நேர்ந்தது. 1981இல் அது கிரவுன் எஸ்டேட் என்ற அரச சொத்து நிர்வாகத்துக்குக் கைமாறியது. பிறகு கிரவுன் எஸ்டேட்டும் விற்க முன்வந்தது. 2020இல் வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட். அதாவது பழைய பியர்பாண்ட் வம்சத்தின் பண்ணையே. 68 ஆண்டுகள் அரசாங்கக் கைகளில் சுற்றிவிட்டு ஊர் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. இதில் மகிழ்வதா வேண்டாமா என்பது பிரபுக்களைப் பற்றி உங்களுக்கு என்ன எண்ணம் என்பதைப் பொறுத்தது.

புறாமாடத்தில் கூடும் கோர்ட்

நவம்பர் இறுதியில் ஒரு வியாழக்கிழமை ஜூரி நாள். பன்னிரண்டு விவசாயிகள் ஜூரியாக, தலைவர் ஒருவரோடு, டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் ஏறி வயலுக்குப் போவார்கள். எந்த வயல்? அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயல். ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்வை வரும். கையில் முளைக்குச்சிகள், சுத்தியல். எல்லை சந்தேகமாக இருக்கும் இடத்தில் அளந்து குச்சி அடிப்பார்கள். வண்டிப்பாதைக்குள் யாராவது ஏரை நீட்டியிருக்கிறார்களா, 'சைக்' என்ற புல்நிலத்தைக் கீறியிருக்கிறார்களா, வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கண்டது எல்லாம் குறிப்பில் ஏறும்.

சைக் என்பது வயல்களுக்குள் ஓடும் தாழ்வான, ஈரமான, உழ முடியாத பள்ளங்கள். கலப்பை படாததால் பழைய புல்லும் காட்டுப்பூக்களும் அங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்புக்கு உரிய இடங்களாகவே அவை அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் புல்லை ஆண்டுதோறும் கோடையில் ஏலம் விட்டு, வரும் பணத்தை ஊரில் உரிமை உள்ள வீடுகளுக்குப் பிரிப்பார்கள். ஊரில் உண்மையிலேயே பொது என்று சொல்லத்தக்கது இதுதான்.

ஒரு வாரம் கழித்து கோர்ட் கூடும். கூடும் இடம் டவ்கோட் இன், அதாவது புறாமாடம் என்று பெயர் கொண்ட ஊர் மதுவிடுதி. மேனர் பிரபுவின் சார்பில் ஸ்டூவார்ட் என்ற நிர்வாகி நடத்துவார். ஜூரி தன் குறிப்பை வைக்கும், அபராதம் தீர்மானிக்கப்படும், அடுத்த ஆண்டுக்கான ஜூரி உறுதிமொழி எடுக்கும். வர வேண்டியவர் வராவிட்டால் அவருக்கும் அபராதம், சில பென்ஸ்தான். குற்றம் செய்தவரே அதைக் கண்டுபிடித்த ஜூரியில் இருந்திருக்கலாம். அடுத்த முறை இவர் அவரைப் பார்ப்பார். அபராதத் தொகை யாரையும் ஏழையாக்காது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் உன் உழவுசாலைக் குனிந்து பார்த்து "இது கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது" என்று சொல்லும் கூச்சத்துக்கு விலை மதிப்பு இல்லை.

இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 1977இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நீதி நிர்வாகச் சட்டம் ஒன்றின் மூலம் இத்தகைய பழைய மேனர் கோர்ட்டுகளின் நீதி அதிகாரத்தை ரத்து செய்தது. பல ஊர்களில் அவை பெயருக்கு, விருந்துக்கு, ஊர்வலத்துக்கு மட்டும் தொடர்கின்றன. லாக்ஸ்டன் கோர்ட்டுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டது. கோர்ட்டின் பழைய ஊழியர்களில் ஒருவர் 'பிண்டர்'. ஊர் சுற்றும் மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பவர். அடைத்த மாட்டைப் பணம் கட்டி மீட்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் வரும் நம் ஊர்ப் 'பவுண்டு' இதன் உறவுக்கார ஏற்பாடுதான்.

1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின், பொது மேய்ச்சல் நிலம் எப்போதும் அழிந்தே தீரும் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார்: ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாட்டை விடுவார்கள், கடைசியில் புல் மிஞ்சாது. கேட்பதற்கு நியாயமாகவே படும். ஆனால் அவர் கற்பனை செய்த மேய்ச்சல் நிலத்தில் கோர்ட் இல்லை, பிண்டர் இல்லை, யாருக்கு எத்தனை மாடு என்ற வரையறை இல்லை. லாக்ஸ்டன் போன்ற ஊர்களில் இவை எல்லாம் இருந்தன, எழுதிய விதிகளாகவே இருந்தன.

அதற்காக இதைப் பொற்காலமாகத் தூக்கிப்பிடிக்கவும் எனக்கு மனமில்லை. கோர்ட் பிரபுவின் கோர்ட். அபராதம் போனதும் பிரபுவின் பெட்டிக்கு. இடைக்காலத்தில் இதே கோர்ட் முறைதான் குடியானவனை ஊரைவிட்டுப் போகவிடாமல் கட்டிவைத்தது. கீற்று அதிகம் உள்ளவன் சொல் அன்றும் எடுபட்டது, குடிசைக்காரன் சொல் அன்றும் எடுபடவில்லை.

இன்றைய விவசாயிகளுக்கு இந்த வேலியில்லாத வயல்களின் கீற்றுகள் பிழைப்பின் ஒரு சிறு பங்கு மட்டுமே. வேலியடைத்த நிலங்களும் அவர்களிடம் உண்டு. பிழைப்பு பெரும்பாலும் அங்கே. கீற்றுகளை முறைப்படி உழுவது குத்தகை ஒப்பந்தத்தோடு சேர்ந்து வரும் கடமை. மாடு வளர்ப்பு குறைந்துவிட்டது. தரிசு வயலில் ஊர் மந்தை மேய்வது நின்று, அந்த ஆண்டு இப்போது தீவனப் புல்லுக்குப் போகிறது. பெரிய இயந்திரங்களுக்குக் குறுகலான கீற்றில் திரும்பித் திரும்பி டீசல் செலவுதான் மிச்சம் என்று ஒருவர் சலித்துக்கொண்டால் அதில் தவறில்லை. குத்தகைக்கு இளைஞர்கள் வர வேண்டும், வந்தவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும். எந்த உரிமையாளர் வந்தாலும் தீர்க்க வேண்டிய கணக்கு இது.

எப்படியும் நவம்பர் வரும். கோதுமை விரலளவு முளைத்து நிற்கும். டிரெய்லரிலிருந்து இறங்குகிறவர்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு, போன முறை அடித்த குச்சி எங்கே போனது என்று சேற்றில் தேடத் தொடங்குவார்கள்.